நாற்பது வீடு, ஒரே தராசு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 110 வீடுகள். போன வருடம் 40 வீட்டார் சேர்ந்து மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாரம் ஒருமுறை நேரடியாகக் காய்கறி வாங்கினோம். ஆறாவது வாரமே படுத்துவிட்டது. தக்காளி போதவில்லை, சுரைக்காய் மீந்தது, கணக்கிலும் மனஸ்தாபம். மறுபடி ஆரம்பிக்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: ஆரம்பிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் "யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் முயற்சியைக் கவிழ்த்தது அந்தக் கேள்விதான். அப்படிக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தக்காளி, வெங்காயம், உருளை, கேரட் என்றுதான் சொல்வார்கள். கேரட்டும் உருளையும் ஊட்டி, கொடைக்கானல் சரக்கு. சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் போக வேண்டும். மதுராந்தகத்துக்காரர் இதையெல்லாம் கோயம்பேட்டில் வாங்கித்தான் உங்களுக்கு அனுப்ப முடியும். அதற்கு அவர் எதற்கு, நீங்களே போய் வாங்கிவிடலாமே!

அந்த மண்ணில் நன்றாக வருபவை கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, சுரை, பாகல், பூசணி, முருங்கை, கீரைகள். ஆகவே ஆளுக்கொரு பட்டியல் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பை என்று வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 4 கிலோ காயும் இரண்டு கட்டுக் கீரையும் ஒரு வாரத்தில் செலவாகும். பையில் ஒரு கொடிக்காய், கத்தரி அல்லது வெண்டை, ஒரு காராமணியோ கொத்தவரையோ, தோட்டத்தில் இருந்தால் தக்காளி. பாகற்காய் பிடிக்காதவர்களுக்காகக் கூடம் ஓரத்தில் ஒரு காலிக் கூடை போதும். பிடிக்காததை அதில் போட்டுவிட்டு அங்கே கிடக்கும் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். முக்கால்வாசிப் புகார் அந்தக் கூடையிலேயே தீர்ந்துவிடும்.

பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். மூன்று நாள் செடியிலேயே விட்டால் முற்றிப்போகும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடியாமல் நாராக வளையும். கத்தரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். நீங்கள் சனிக்கிழமை மட்டும் வாங்கினால் அந்த வாரத்தின் மூன்று பறிப்பில் ஒன்றுதான் உங்களுக்கு. மற்ற இரண்டையும் அவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த நஷ்டத்தை ஒரு விவசாயி எத்தனை வாரம் தாங்குவார்? வாரம் இரண்டு முறை வாங்க முடியுமா பாருங்கள். முடியாதென்றால் மீதிப் பறிப்பை அவர் உழவர் சந்தையில் விற்பதற்கு வசதியாக உங்கள் நாளைத் தேர்ந்தெடுங்கள். பூசணி, சேனை, வாழைக்காய் போல ஒரு வாரம் பொறுக்கும் சரக்கைப் பையில் கூட்டுங்கள்.

விலையை அன்றன்றைய கோயம்பேடு விலையோடு கட்டாதீர்கள். தக்காளி மலிந்தால் உறுப்பினர் முணுமுணுப்பார்; ஏறினால் விவசாயிக்கு வேறு வண்டியில் ஏற்ற மனசு வரும். பைக்கு ஒரே விலை என்று மூன்று மாதத்துக்குப் பேசி முடியுங்கள். 1999-ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோதும் கணக்கு இதேதான்: மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைத்தான் இரு தரப்பும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

வண்டி வாடகையும் கவனிக்க வேண்டியது. உதாரணமாக வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வீட்டுக்கு 160 கிலோ என்றால் கிலோவுக்கு 12 ரூபாய் 50 காசு வாடகைக்கே போகிறது. பக்கத்து இரண்டு அடுக்ககங்களும் சேர்ந்து 400 கிலோ ஆனால் 5 ரூபாய். தனியாகக் கெட்டிக்காரராக இருப்பதைவிடப் பக்கத்துச் சங்கச் செயலாளரிடம் ஒரு காபி சாப்பிட்டுப் பேசுவது லாபம்.

எடையை இரண்டு முறை போடுங்கள், தோட்டத்தில் ஒன்று, இறக்கும்போது ஒன்று. வழியில் ஈரம் வற்றிக் கொஞ்சம் குறையும். நூற்றுக்கு 3 முதல் 5 கிலோ வரை கழிவு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் குறைந்தால் மட்டும் பேசலாம். கீரையை எடை போடாதீர்கள், கட்டுக் கணக்கில் வாங்குங்கள். எடைக்கு வாங்கினால் தண்ணீர் தெளித்த கீரைதான் வரும். விடியுமுன் அறுத்து, நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடி, வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். அடியில் வைத்த கீரை வேளச்சேரி வருவதற்குள் வெந்துவிடும்.

பணத்தை நான்கு வாரத்துக்கு முன்பணமாக வாங்குங்கள். ஊருக்குப் போகிறவர் பையைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றிவிடலாம், ரத்து கிடையாது. கணக்கு எழுதுபவரும் தராசு பிடிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இருவரையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இன்னொன்று, இந்த நாற்பது வீட்டின் வாக்குறுதியை விதைப்புக்கு முன்பே கொடுங்கள். சிறுகீரைக்கு 25 நாள் போதும். வெண்டை காய்க்க 45 நாளாவது ஆகும். எத்தனை பை என்று அவருக்கு முன்கூட்டித் தெரிந்தால்தான் எத்தனை சென்ட் வெண்டை, எத்தனை பாத்தி கீரை என்று போட முடியும். காய் பறித்த பிறகு வாடிக்கையாளரைத் தேடும் விவசாயிக்கு மருந்தடிக்காமல் இருக்கத் துணிச்சல் வராது.

கேள்வி: 'இயற்கை விளைச்சல்' என்று சொல்லித்தான் எல்லாரும் விற்கிறார்கள். சான்றிதழ் இல்லாத சிறு விவசாயியை எப்படி நம்புவது?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வெளி நிறுவனம் சோதித்துக் கொடுக்கும் மூன்றாம் நபர் சான்றிதழுக்குச் செலவு அதிகம், சிறு விவசாயிக்குக் கட்டாது. அவர்களுக்காகவே பிஜிஎஸ்-இந்தியா என்ற பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிப்பார்கள். ரசாயனத்தை விட்டு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்குப் 'பிஜிஎஸ் கிரீன்', முழுதாக மாறியதற்குப் 'பிஜிஎஸ் ஆர்கானிக்'. கிரீன் முத்திரையைக் காட்டி முழு இயற்கை என்று விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

முத்திரை இல்லாதவரிடம் போய் நிலத்தைப் பாருங்கள். வரப்பில் களை பச்சையாக இருக்கிறதா, களைக்கொல்லி பட்டுச் செம்பட்டையாகக் கருகியிருக்கிறதா? மோட்டார் கொட்டகைப் பின்னால் காலிப் புட்டிகள் கிடக்கின்றனவா? பக்கத்து வயலில் மருந்தடிக்கிறார்கள் என்றால் நடுவில் சோளமோ அகத்தியோ வேலிப்பயிராக நிற்கிறதா? பிறகு பேச்சுவாக்கில், இயற்கை விவசாயிகள் பயிருக்கு விடும் ஜீவாமிர்தக் கரைசலை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் தலா 2 கிலோ, ஒரு பிடி மண், இரண்டு நாள் நிழலில் வைத்துக் கலக்குவது என்று தயங்காமல் வர வேண்டும். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். டிரம் எங்கே என்றால் கையை மட்டும் காட்டாமல் கூட்டிப்போக வேண்டும்.

புழு இருந்தால் மருந்தடிக்காத கத்தரி என்பது தப்புக் கணக்கு. அடித்தும் கட்டுப்படாத புழு எவ்வளவோ உண்டு.

கேள்வி: காய்கறியை உப்பு, மஞ்சள், புளித் தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சிமருந்து போய்விடுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: மேலே ஒட்டியிருப்பது பெருமளவு போகும், உள்ளே போனது போகாது. 2017-ல் அமெரிக்காவில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது வெறும் தண்ணீரைவிட நன்றாக நீங்கியது. ஆனால் தோலுக்குள் ஊடுருவிய பங்கு அப்படியே நின்றது. செடி முழுதும் பரவும் வகை மருந்துக்கு எந்தத் தண்ணீரும் உதவாது. நடைமுறையில், குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, பிறகு கால் மணி நேரம் சோடா அல்லது உப்புத் தண்ணீரில் போட்டு, மறுபடி அலசுங்கள். நறுக்கிய பிறகு ஊறவைக்காதீர்கள், சத்துதான் கரையும். மஞ்சள் போடுவதில் தப்பில்லை. அதை நம்பிக் கழுவாமல் விடுவதுதான் தப்பு.

கேள்வி: எங்கள் தெருமுனையில் பல வருடமாகக் கீரையும் காயும் விற்கும் பெண்களை நடைபாதையிலிருந்து விரட்டுகிறார்கள். ஒருமுறை கூடையோடு தூக்கிப் போய்விட்டார்கள். வாங்குகிற நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: முடியும். தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014 அவர்கள் பக்கம் நிற்கிறது. கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இடம் மாற்றவோ வெளியேற்றவோ முடியாது. சரக்கைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். கீரை, காய் போல அழுகும் சரக்கைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிவதே இல்லை, பட்டியலைக் கேட்டு வாங்குவதும் இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் பறிமுதல் நடந்ததற்கே அத்தாட்சி இருக்காது.

அடுத்தமுறை வண்டி வரும்போது தேதி, நேரம், என்ன சரக்கு, எத்தனை கூடை என்று யாராவது ஒருவர் எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். அவர்களிடம் சான்றிதழ் அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் கணக்கெடுப்பில் பெயர் ஏறியதா என்று விசாரியுங்கள். தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்த இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனுவை அந்தக் குழுவுக்கும் மண்டல அலுவலகத்துக்கும் சேர்த்தே கொடுங்கள். வாடிக்கையாளர்களின் கையெழுத்தோடு "நடக்க இடம் விட்டு இன்னின்ன மணிக்குள் விற்கலாம்" என்ற யோசனையும் சேர்ந்திருந்தால், வெறும் எதிர்ப்பு மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: சர்க்கரைக்காக அரிசியை விட்டுச் சாமைக்கு மாறினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏன்?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அளவு. 100 கிராமுக்குச் சாமையும் அரிசியும் தரும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். அரிசி சாப்பிட்ட தட்டு நிறையச் சாமை சாப்பிட்டால் பலன் குறைவு. இரண்டாவது, தீட்டிய சாமை. வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தால் தவிடு போய்விட்டது. தவிடுள்ள சாமை பழுப்புச் சாயலில் இருக்கும். உள்ளங்கையில் தேய்த்தால் மாவு ஒட்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாங்கும்போது நாலு மணி வாயில் போட்டு மெல்லுங்கள், கசந்தால் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

தவிடுள்ளதை அரை மணி நேரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். குழைய வேகவைத்தால் சர்க்கரை வேகமாக ஏறும், ஆகவே மணிமணியாக எடுங்கள். தட்டில் சாமை கால் பங்கு, காயும் கீரையும் பாதி, பருப்போ சுண்டலோ மீதி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். அரிசிக்கும் அதே தட்டு அளவில் ஒருநாள் பார்த்தால் ஒப்பிட முடியும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்.

கேள்வி: செக்கு கடலை எண்ணெய் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, அடையாறு

பதில்: ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ வேர்க்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி ஆட்டுக்கூலியைச் சேருங்கள், புண்ணாக்கு விற்றதைக் கழியுங்கள். கடைக்காரர் சொல்லும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தப் புட்டியில் கடலை எண்ணெய் மட்டும் இல்லை.