வளவுக்குள் வராத வைஃபை: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. மோடம் முகப்பில் இருக்கிறது, அங்கே நெட் பறக்கிறது. மகன் பெங்களூரிலிருந்து வந்து ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்றான். ஆனால் முகப்பைத் தாண்டி உள்ளே, இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்தால் மீட்டிங் பாதியிலேயே நின்றுபோகிறது. 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள பிளானை 300-க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

மாற்றாதீர்கள், ஆச்சி. தண்ணீர் முகப்புத் தொட்டி வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது, அடுப்படிக்குக் குழாய் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். தொட்டியைப் பெரிதாக்கி என்ன பிரயோஜனம்? மீட்டிங்குக்கு நாலைந்து எம்பிபிஎஸ் தடங்கலில்லாமல் வந்தாலே தாராளம்.

உங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று நான் சொல்லவே வேண்டாம். செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சுவரில் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கிவிடும், மோடம் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை அனுப்பும், அதிலும் 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் பயப்படுகிற ஜாதி. 2.4 கொஞ்சம் மெதுவானாலும் சுவரை ஓரளவு தாண்டும். மோடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள், அதைத் தனித்தனிப் பெயராக மாற்றி, உள்கட்டில் இருப்பவர்கள் 2.4-ஐப் பிடிக்கட்டும். அப்புறம், மோடத்துக்குப் பின்னால் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கிறதா பாருங்கள். கண்ணாடியின் முதுகில் இருக்கிற பூச்சு உலோகம், சிக்னலைத் திருப்பி வாசலுக்கே அனுப்பிவிடும். இரும்பு பீரோவும் அப்படித்தான்.

இதெல்லாம் கைவைத்தியம். சரியான வழி, உள்ளே இன்னொரு ரௌட்டர், அதாவது வைஃபை பரப்புகிற பெட்டி, வைப்பது. நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு, முகப்பில் நின்றால் வாசலுக்கு வாசல் நேராக, கடைசியில் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில், நடுமுற்றமான வளவின் தூண் ஒன்றின் மேல் இரண்டாவது ரௌட்டரை வையுங்கள். வளவு திறந்த வெளி என்பதால் சுற்றியிருக்கிற அறைகளுக்கெல்லாம் கதவு வழியாகவே போய்விடும். மோடத்திலிருந்து அதுவரைக்கும் கேட்-6 லேன் கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டுக்கே போதும். வயரே இல்லாமல் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகளும் கிடைக்கின்றன, ஆனால் நம் சுவருக்கு நடுவில் அவையும் திணறும், வயர்தான் நிச்சயம். ஒன்றே ஒன்று, ட்ரில் மெஷினோடு வருகிற பையனைப் பூச்சுச் சுவரில் கைவைக்க விடாதீர்கள். முட்டையும் சுண்ணாம்பும் போட்டு இழைத்த பூச்சைத் திரும்பப் பூசுகிற ஆள் கிடைப்பதற்குள் நெட்டே வேறு யுகத்துக்குப் போய்விடும். நிலைக்கு மேலே மரச் சட்டத்தை ஒட்டியே கேபிள் போகட்டும்.

கேள்வி: பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு நெட் போய்விடுகிறது. காலையில் தானாக வந்துவிடுகிறது. புகார் சொன்னால் "அந்த நேரத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள் சார்" என்கிறார்கள். (வாசகர், தேவகோட்டை)

அது உண்மையாகவும் இருக்கலாம். ஃபைபர் என்கிற ஒரு கண்ணாடி இழையில் நெட்டைச் சுமந்து வருகிற வெளிச்சத்தைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் ஓடினால் வேகம் குறையத்தான் செய்யும். ஆனால் குறைவது வேறு, அறவே போவது வேறு. இன்று ராத்திரி நெட் போனதும் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் உங்கள் வீட்டுக்கு வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் கதையைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலும் இதேதான், ராத்திரி சிவப்பு, விடிந்தால் பச்சை. மூன்று வாரம் தினமும் போன் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஆள் பகலில் வந்து "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார். கடைசியில் கண்டுபிடித்தது என் அப்பத்தா. "நீ கதவைச் சாத்தின உடனேதானப்பா அந்த வெளக்கு செவக்குது" என்றார்கள். போய்ப் பார்த்தால், இணைப்புக் கொடுத்தவர் கேபிளை நிலைக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக விட்டிருக்கிறார். பகலில் கதவு திறந்தே கிடக்கும். ராத்திரி அந்தத் தேக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால், உள்ளே இருக்கிற கண்ணாடி இழை மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசிந்துவிடும். கேபிளை ஜன்னல் வழியாக மாற்றினோம், அன்றோடு தீர்ந்தது.

அதனால் உங்கள் வீட்டில் ராத்திரி மட்டும் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். கதவா, கேட்டா, வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்துவதா? ஆணியில் இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். போனிலோ கம்ப்யூட்டரிலோ மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவை ஆப்டிகல் பவர் என்று மைனஸில் ஓர் எண்ணாகக் காட்டும். மைனஸ் 15-லிருந்து 25 வரை நிம்மதி. 27-ஐ நெருங்கினால் நெட் அறுந்துவிடும் நிலை. பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் லைன்மேனிடம் வாதாடவே வேண்டியதில்லை. கேபிளைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போகிறது. இன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், புதுவயல்)

மோடத்துக்கு மட்டும் என்றால் மினி யுபிஎஸ் என்கிற சின்ன பேட்டரிப் பெட்டி போதும். அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். ஆனால் முதலில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்து உங்கள் மோடத்தைச் செருகி, கரண்ட் இல்லாதபோது நெட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சில கேபிள்காரர்கள் தெருமுனைப் பெட்டியில் கரண்டில் ஓடுகிற ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அதற்கு பேட்டரி இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் சும்மா விளக்கு எரிக்கும்.

கேள்வி: புகார் கொடுத்தால் யாருமே வராமல் "சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது. (வாசகி, கோட்டையூர்)

எரிச்சல் புரிகிறது. போனில் திட்டுவதை விட்டுவிட்டு புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்தே ஆக வேண்டும். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-ல் கொண்டுவந்த விதி இது. கட்டணம் கிடையாது. நேராக ட்ராய்க்கே எழுதிப் பலனில்லை, தனிப்பட்ட புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. மேல்முறையீடு போட்டதும் அதுவரை எடுக்காத போனை எடுப்பார்கள், பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஃபைபரே வரவில்லை. மொட்டைமாடியில் பெட்டி வைக்கிற ஏர்ஃபைபர் வாங்கலாமா? (வாசகர், கல்லல் பக்கம்)

அது கேபிள் இல்லாமல் 5ஜி டவரிலிருந்து நெட் வாங்குகிற பெட்டி, டவர் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் வாங்கலாம். அந்த நிறுவனத்தின் சிம் போட்ட 5ஜி போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தைரியமாகப் போடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மயங்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று தாண்டட்டும்.