வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 8.6: எது சரி?

அப்பாவுக்கு ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 8.6 என்று வந்திருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆய்வகத்தின் மேல் பழி போட வேண்டாம். 112 என்பது அந்தக் காலை நேரத்தின் கணக்கு மட்டும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. 8.6 என்றால் உங்கள் அப்பாவின் சர்க்கரை சராசரியாக 200-ஐ ஒட்டி இருந்திருக்கிறது.

பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு ஏறுகிறது. மாலையில் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்த தின்பண்டம்), இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மல்கோவா மாம்பழம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செட்டில் பீட்ரூட், கேரட் துருவலாவது இருக்கிறது; முழு மல்கோவாவைத்தான் மன்னிக்க முடியாது.

ஒரு வாரம், வேளையை மாற்றி மாற்றி, முதல் வாய் உண்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே விரலில் குத்த வேண்டும். மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால் ரத்தத்தில் இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டும். 180-க்கு மேல் அடிக்கடி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தாலும் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும், ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். அவர் சாப்பிடும் கிளிமிபிரைடு சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடக்கூடியது. ஏற்காட்டுக்கு வேன் ஓட்டுகிறவர் என்கிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கை நடுங்கி, கண் இருண்டால் என்ன ஆகும்?

குறித்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை கண்ணையோ சிறுநீரகத்தையோ பாதித்திருக்கிறதா என்று அறிய விழித்திரைப் பரிசோதனையையும் சிறுநீர் அல்புமின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் மறுத்தாலும்.