அம்மாவின் ஆல்பத்துக்குக் கோதுமைப் பால் பசை

அன்புள்ள அக்காவுக்கு,

வரும் தை மாதம் என் அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. வீட்டில் கிடக்கும் போட்டோக்களை வைத்து ஒரு ஸ்கிராப்புக் ஆல்பம் செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். கடையில் விசாரித்தால் ஆல்பம், அலங்காரக் காகிதம், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்கள் ஆகும்போல இருக்கிறது. என் மகள் பள்ளியில் படித்தபோது புராஜெக்ட்டுக்காக வாங்கியவை மட்டும் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. குயில்லிங் காகிதம், கிரேப் பேப்பர், சமிக்கி, பசை காய்ந்துபோன ஸ்டிக்கர்கள், பாதி தீர்ந்த செலோடேப். அம்மாவின் டிரங்குப் பெட்டியிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள், புடவைக் கரைத் துண்டுகள், ஒரு வாழ்த்துத் தந்தி என்று நிறைய கிடக்கிறது. இவற்றை வைத்தே செய்துவிட முடியுமா? எதைச் சேர்க்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்? எண்பதாவது பிறந்த நாளுக்குப் போய் மிச்சம் மீதியில் செய்து கொடுத்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்கிறார் என் நாத்தனார். உறவுக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் எனக்கும் தயக்கமாக இருக்கிறது.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

*

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். நாத்தனார் சொன்னதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, இரண்டு அட்டைப்பெட்டியையும் டிரங்குப் பெட்டியையும் அதில் கொட்டி உட்காருங்கள். புதுசு, பழசு என்று பிரிக்க வேண்டாம். போட்டோவைத் தொடப்போவது எது, தொடாமல் ஓரமாக நிற்கப்போவது எது என்று மட்டும் பாருங்கள். ஓரமாக நிற்க அநேகமாக எந்த மிச்சமும் ஆகும். தொடுவதற்குத்தான் சில பொருள்கள் ஆகவே ஆகாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் என் அப்பாவின் படங்களை ஒரு நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி வைத்தேன். பதினைந்து வருஷம் கழித்துத் திறந்தேன். டேப்பின் பிளாஸ்டிக் மட்டும் சருகு மாதிரி கழன்று மடியில் விழுந்தது. அதன் பசை தேன் நிறத்தில் படத்துக்குள் இறங்கி, அப்பாவின் தோளிலிருந்து காது வரை ஒரு பட்டையாக நின்றது. அந்தப் படத்துக்கு நெகட்டிவும் இல்லை, வேறு பிரதியும் இல்லை. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

அதனால் அந்தப் பாதி தீர்ந்த செலோடேப்பை இப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப், குண்டூசி எதுவும் படத்தின் பக்கம் வரக்கூடாது. துரு பிடித்தால் நான்கு பக்கம் தாண்டியும் கறை ஊறும். மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை உறுதியானதுதான். அந்த உறுதிதான் இங்கே தொல்லை. நாளைக்கு உங்கள் மகள் ஒரு படத்தை எடுத்துப் பிரதி போட நினைத்தால் கிழிக்காமல் எடுக்க முடியாது.

சரி, பசைக்கு என்ன செய்வது? நீங்கள் இருப்பது அல்வா ஊர். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பால் எடுத்துத் தெளியவைப்பது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே நிற்கும் தண்ணீரை இறுத்தபின் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது கோதுமை மாவுச்சத்து. பெரிய நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கிழிந்த ஏடுகளைச் செப்பனிடுகிறவர்கள் கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சிய பசையைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஜப்பானில் சுவரில் தொங்கவிடும் சுருள் ஓவியங்களைப் பல நூற்றாண்டுகளாக இதை வைத்தே ஒட்டி வருகிறார்கள். காய்ந்தபின் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது லேசாக ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த வண்டலில் ஒரு கரண்டிக்கு ஐந்து கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடியில் பிடிக்கப் பார்த்து, வெள்ளை நிறம் போய், சவ்வரிசிக் கூழ் மாதிரி கண்ணாடி நிறத்துக்கு வரும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிண்டி இறக்குங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற அளவுக்கு மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகமானால் பக்கம் சுருங்கும், பூச்சியும் தேடி வரும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். துத்தம் விஷம். அதில் இருக்கும் தாமிரம் நாளாவட்டத்தில் காகிதத்தையும் கெடுக்கும். ஓலைச்சுவடிக்குப் பக்கத்தில் வசம்பு வைப்பார்கள் இல்லையா, அதுபோல ஆல்பம் இருக்கும் அலமாரியில் ஒரு துணியில் வசம்பை முடிந்து வையுங்கள்.

இந்தப் பசையைக்கூட படத்தின் முதுகில் தடவாதீர்கள். ஈரம் பட்டால் படம் சுருளும். படத்தை நிறுத்த நான்கு மூலைகள் போதும். கல்யாணப் பத்திரிகை உறைகளில் வெள்ளை மாறாமல் இருப்பவற்றை எடுத்து, முக்கால் அங்குல அகலம், ஒன்றரை அங்குல நீளத்தில் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் குறுக்காகப் படுக்கவைத்து, மேல் மூலைகள் இரண்டையும் கீழ் விளிம்பின் நடுவில் ஒன்றையொன்று தொடும்படி மடித்தால் ஒரு சின்ன முக்கோணப் பை வரும். மடிப்பு பின்பக்கம் இருக்க, பைக்குள் படத்தின் மூலையைச் செருகுங்கள். பையின் முதுகில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. ஒரு படத்துக்கு நான்கு பை. டிவி பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலத்தில் நூறு மடித்துவிடலாம்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது பக்கங்களுக்கான காகிதம். மகளின் சார்ட் பேப்பரிலோ பழைய நோட்டிலோ படத்தை வைக்காதீர்கள். மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யும் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கும். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பாகி நொறுங்குவது அதனால்தான். பக்கத்தில் இருக்கும் படத்தையும் அது சேர்த்துக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி, பாதியைப் புத்தகத்துக்குள் மறைத்து, மீதிப் பாதியை வெயில் விழும் ஜன்னலில் பத்து நாள் விட்டுப் பாருங்கள். மட்டமான காகிதம் தானே காட்டிக்கொடுத்துவிடும். கையால் செய்த பருத்திக் காகிதம் கிடைத்தால் இருபது, முப்பது தாள் வாங்கிவிடுங்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் நடத்தும் கைக்காகிதப் பட்டறை பெயர் பெற்றது. வெட்டி மிஞ்சிய பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கித்தான் இந்த வகைக் காகிதத்தை வார்க்கிறார்கள். அந்தத் தாள்களைத் தொடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இனி, ஓரத்துக்கானவை. குயில்லிங் காகிதத்தைச் சுருட்டாதீர்கள். மூடிய ஆல்பத்துக்குள் சுருள் நசுங்கிவிடும். அப்படியே பட்டையாகப் படத்தைச் சுற்றிச் சட்டம்போல ஒட்டினால் அழகாக இருக்கும். கிரேப் பேப்பரில் ஈரம் பட்டால் சாயம் விடும், அதைச் சேர்க்க வேண்டாம். சமிக்கியையும் கல்லையும் மேல் அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டினால் எதிர்ப்பக்கத்துப் படத்தில் தடம் பதியும். புடவைக் கரையும் மேல் அட்டைக்குத்தான். அசல் ஜரிகை வெள்ளிக் கம்பி, நாளாக நாளாகக் கறுக்கும். தாம்பூலத்தோடு வந்து பீரோவில் தங்கிவிட்ட ஜாக்கெட் பிட் ஒன்றை அட்டைக்கு உறையாகப் போட்டு, அதன் மேல் கரையைத் தைத்துவிடுங்கள். பசை போன ஸ்டிக்கர்களை நம் பசையால் ஒட்டலாம்.

கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்துப் படியுங்கள். நான் என் பெரியம்மாவின் பத்திரிகையை வெட்டப் போனபோது, நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் கண்ணில் பட்டது. மூன்று மூலையில் வெளிறிப்போயிருந்தது. மடிப்புக்குள் வெளிச்சம் படாமல் இருந்த மூலையில் மட்டும் அன்றைக்குத் தடவியதுபோல அழுத்தமாக, யாருடையதோ கட்டைவிரல் ரேகையோடு. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அதுமாதிரி ஒன்று கிடைத்தால் முழுசாக ஒரு பக்கத்தில் வையுங்கள். மஞ்சள் பக்கத்துப் படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாள் போடுங்கள். மற்ற பத்திரிகைகளை வெட்டலாம். சாமி படத்தை வெட்ட மனசு வராது. எனக்கும் வராது. படத்தைச் சுற்றி வளைத்து வெட்டி, அதை மட்டும் முதல் பக்கத்துக்கு எடுத்துக்கொள்வேன்.

அந்த வாழ்த்துத் தந்தியை வெட்டவே வெட்டாதீர்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்ததும், எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அங்கே வாசகமாகப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்காது. ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டி, அசலை ஒரு காகித உறையில் போட்டுப் பின்னால் வையுங்கள். கடை பில், ஏடிஎம் சீட்டு மாதிரி வழவழப்பான தாளில் அச்சானது ஏதாவது இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். எழுத்து சீக்கிரம் மறைந்துவிடும்.

உங்கள் நாத்தனார் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நாளுக்குப் புதுசாகக் கொடுக்க வேண்டும் என்கிற அக்கறை அது. ஆனால் இந்தப் பழக்கம் மிச்சத்திலிருந்து வந்தது என்பதை அவரிடம் சொல்லுங்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்பே பசை தடவிய ஸ்கிராப்புக்குக்கு 1873-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில் அந்நாட்டில் எத்தனையோ பேர் புது ஆல்பம் வாங்காமல், பழைய அரசாங்க அறிக்கைப் புத்தகங்களின் பக்கங்கள் மேலேயே பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் டோர்சி என்ற கறுப்பின ஓவியர் இப்படி 388 ஸ்கிராப்புக் செய்து வைத்தார். அந்த நூற்றாண்டின் கறுப்பின மக்கள் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் இன்று அவற்றைத் தேடிப் போகிறார்கள்.

நம் வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்தது இதே வேலைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிச் சம்பாதித்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசி எறிந்ததையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் காலமானபின் அந்தச் சேகரிப்பை வைத்துச் சென்னையில் எழுந்ததுதான் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகம். உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடப்பதும் அதே ஜாதிப் பொருள். கடையில் வாங்கும் அலங்காரக் காகிதத்தில் உங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுகூட இருக்காது.

ஒட்ட ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு மூன்று சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனாவால் படத்தின் பின்னால் எழுதினால் முன்பக்கம் புடைத்துத் தெரியும். மெத்தென்ற பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டால், பேரப்பிள்ளைக்காக என்று சொன்னால் போதும்.

அம்மாவுக்கும் அடையாளம் தெரியாத முகங்கள் சில மிஞ்சும். அந்தப் படங்களை ஒதுக்காதீர்கள். மிச்சமிருக்கும் பெரிய உறை ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் வாய் திறந்திருக்கும்படி ஒட்டி, அவற்றை அதில் போட்டு வையுங்கள். விசேஷத்தன்று ஆல்பம் கைமாறிக் கைமாறிப் போகும்போது, எந்தச் சித்தியாவது அத்தையாவது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட, இது நம்ம இன்னார் இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஆல்பத்தோடு ஒரு பென்சிலையும் வைத்துவிடுங்கள்.