ஆளில்லாத காட்டுக்குள் தனியாகப் போக ஏன் ஆசை வருகிறது? ஆபத்து எதில்?

தனியாகப் போனால் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது எல்லாம் நம் இஷ்டம். பேச்சுத்துணை இல்லாததால் கண்ணும் காதும் கூர்மையாகிவிடும். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆபத்து என்றதும் பலர் விலங்குகளைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் சுளுக்கிய கணுக்கால், குளிர், ஆறு இவையும் ஆளை முடக்கிவிடும். 1992 ஏப்ரலில் அலாஸ்கா காட்டுக்குள் தனியாக நடந்த அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கேண்ட்லெஸ், டெக்லனிகா ஆற்றைச் சிரமமில்லாமல் கடந்தார். ஜூலையில் திரும்பி வந்தால், பனி உருகி ஆறு கரைபுரண்டு ஓடியது. சற்றுத் தள்ளியே ஆற்றைக் கடக்க, கம்பிவடத்தில் தொங்கும் கூடை ஒன்று இருந்தது. விரிவான வரைபடம் இல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. ஆற்றைக் கடக்க முடியாமல் காட்டுக்கே திரும்பியவர், ஆகஸ்டில் அங்கேயே இறந்துபோனார்.

சரி, போகத்தான் போகிறீர்கள் என்றால், பாதையையும் திரும்பும் நாளையும் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். நாள் தாண்டினால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.