விச்சையும் விச்செயும்

கே: 'விட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் 'அறிவுடைய பெண்' என்றுதான் பொருளாம், பின்னால் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்களாம். சரியா? 'விட்ச்கிராஃப்ட்'டில் வரும் 'கிராஃப்ட்' கைவினைதானா? (கல்லூரி மாணவி ஒருவர்)

ப: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ் வாத்தியாராக இருந்த காலத்தில் நானே பல வருடம் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். பழைய ஆங்கிலத்தில் சூனியக்காரி 'விச்செ', சூனியக்காரன் 'விச்சா'. இதைக் கேட்டால் தமிழ்க் காது சும்மா இருக்குமா? நம்மிடம்தான் 'விச்சை' இருக்கிறதே! வித்தையின் இன்னொரு வடிவம் அது. கல்விக்கும் பெயர், மந்திர வித்தைக்கும் பெயர். 'விச்சையே விச்செ' என்று கரும்பலகையில் எழுதிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

தப்பு. வித்தையின் வேர் 'வித்', அதாவது அறிதல். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் 'விட்', 'வைஸ்' போன்றவை. விச்செ வேறு வீடு. நடுவில் அழுத்தமாக வரும் அந்த 'ச்ச' ஒலி 'வித்'திலிருந்து முளைக்க, ஆங்கில ஒலி மாற்ற விதிகளில் வழியில்லை. அப்படியானால் வேர் எது? மொழிநூலார் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிராஃப்டுக்கு வருவோம். 'விச்செக்ராஃப்ட்' என்று பழைய ஆங்கிலத்திலேயே முழுச் சொல்லாக இருந்தது. அன்று 'க்ராஃப்ட்' என்றால் வலிமை, ஆற்றல். ஜெர்மன் மொழியில் இன்றும் அதே பொருள்தான். மின் நிலையத்துக்கு அங்கே 'கிராஃப்ட்வெர்க்' என்று பெயர். ஆங்கிலம்தான் ஆற்றலைத் திறமையாக்கி, திறமையைத் தொழிலாக்கி, கடைசியில் காகிதம் வெட்டி ஒட்டும் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

கே: ஆணுக்கும் அதே சொல் இருந்தது என்றால், பழி மட்டும் ஏன் பெண் மேல்?

ப: சொல்லின் குற்றமில்லை, ஐயா. 1486-இல் ஜெர்மனியில் வெளியான 'மல்லியுஸ் மலெஃபிகாரும்' என்ற சூனிய வேட்டைக் கையேட்டின் பெயரைப் பாருங்கள். 'தீவினை செய்பவர்' என்பதற்கு லத்தீனில் ஆண்பால், பெண்பால் இரண்டும் உண்டு. நூலாசிரியர் எடுத்தது பெண்பால். ஆனால் ஆண்களும் தப்பவில்லை. 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 5 பேர் ஆண்கள். ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

கே: முகத்தில் தடவும் 'விட்ச் ஹேசல்' சூனியக்காரிகளின் மூலிகையா?

ப: இல்லை. அந்த 'விட்ச்' வேறு. 'வளைந்து கொடுப்பது' என்று பொருள். தைரியமாகத் தடவுங்கள்.

கே: தமிழில் இதற்குச் சரியான சொல் சூனியமா, செய்வினையா?

ப: சூனியம் என்றால் வெறுமை, கணக்கில் பூஜ்யம். இல்லாத ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? என்றாலும் எனக்குப் பிடித்தது செய்வினைதான். இலக்கணத்திலும் செய்வினை உண்டு, மாந்திரீகத்திலும் உண்டு. 'ஏவல்' கதையும் அதேதான். செய்வினை, செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்: "ஐயா, செய்வினையை எடுக்க எவ்வளவு செலவாகும்?" வகுப்பே சிரித்தது. பாடவேளை முடியும்வரை அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்: 'கிளாமர்' என்ற சொல், 'கிராமர்' ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் திரிந்து பிறந்ததாம். முதலில் அதற்குப் பொருள் கண்கட்டு வித்தை. எழுதப் படிக்கத் தெரிந்தவனைப் பார்த்தாலே மந்திரவாதியோ என்று ஊர் சந்தேகப்பட்ட காலம் அது. பிரெஞ்சில் மந்திர ஏட்டுக்கு வழங்கும் 'கிரிமுவார்' என்ற பெயரும் இலக்கணம் என்ற சொல்லிலிருந்து கிளைத்ததுதான்.

பையன் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.