வாட்ஸ்அப் பூட்டை அரசாங்கம் உடைக்குமா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்’ இருப்பதால் அரசாங்கமே நினைத்தாலும் நம் செய்தியைப் படிக்க முடியாது என்கிறார்களே, நிஜமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: அனுப்புபவர் போனில் பூட்டப்படும் செய்தி, பெறுபவர் போனில்தான் திறக்கும் என்பதே அந்த என்கிரிப்ஷன். எனவே வழியில் மறித்துப் படிக்க முடியாது என்பது நிஜம். 56 பிட் சாவி (பிட் என்பது 0 அல்லது 1) கொண்ட ‘டெஸ்’ என்ற பழைய என்கிரிப்ஷன் பூட்டை 1998-லேயே, அதற்கென்று ஓர் எந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் திறந்து காட்டிவிட்டார்கள். இப்போது புழங்குவது 256 பிட். எத்தனை சாவிகள் சாத்தியம் என்று எழுதினால் 78 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்த அரசாங்கத்துக்கும் ஆயுசு போதாது.

ஆகவே பூட்டோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. போனுக்குள் நுழைந்துவிட்டால் செய்தி அங்கே வெறும் எழுத்தாகத்தானே கிடக்கிறது! 2019-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் செய்தது அதைத்தான். வாட்ஸ்அப் கால் ஒன்று வரும். எடுக்காவிட்டாலும் உள்ளே புகுந்துவிடும். சுமார் 1,400 போன்கள் குறிவைக்கப்பட்டன. இந்தியப் பத்திரிகையாளர்கள், மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் போன்களும் அதில் அடக்கம். அந்த ஓட்டையை அடைத்தது ஓர் அப்டேட். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறோமே, அதே அப்டேட்தான்.

பெகாசஸ் எல்லாம் செலவு பிடித்த வேலை. பலரும் கவனிக்காத ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் நகலுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’பை நாமே ஆன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி வைக்கலாம். போனும் சாவியும் சேர்ந்து தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, எழுதி வையுங்கள். எதிர்முனையில் இருப்பவர் இதைச் செய்யாவிட்டால் நீங்கள் அனுப்பியதும் அவருடைய பேக்கப்பில் பூட்டில்லாமல் இருக்கும்.

கேள்வி: போனையே பறிமுதல் செய்தால்? (வாசகர், காரைக்குடி)

பதில்: அப்போது பின் நம்பர்தான் காவல். ஐபோனில் ஒரு முயற்சிக்கு ஏறக்குறைய 80 மில்லி செகண்ட் ஆகும்படி வைத்திருக்கிறார்கள். தப்பான முயற்சிகளுக்கு இடையே காக்கவைக்கும் ஏற்பாட்டை ஒரு கருவி தாண்டிவிட்டால், 4 இலக்கம் 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; 6 இலக்கம் 22 மணி நேரம் தாங்கும். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 6 வைத்தால், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஐந்தரை வருஷம். பிறந்த தேதி வைத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

இன்னொன்று: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்கீழ், முறையான உத்தரவு வந்தும் பூட்டைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.