டியூஷன் அறையில் ஏசி: சளி ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது?

கேள்வி: வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். அறை 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். என்னோடு சேர்த்து 20 பேர். ஸ்பிளிட் ஏசி போட்டதிலிருந்து ஒரு பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் வந்தால் பாதி வகுப்புக்கு வந்துவிடுகிறது. ஏசியைச் சுத்தம் செய்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. குளிர் போய்விடுமே என்று நீங்கள் ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். ஆனால் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்துளி அசையாத காற்றில் ஓர் ஆள் உயரத்திலிருந்து இறங்கவே அரை மணி நேரம் ஆகும். ஏசி காற்று அதையும் விழவிடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களுக்குக் கொரோனா பரவியது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யுகுவோ லி குழு அங்கே காற்றோட்டத்தை அளந்தபோது, ஆளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வெளிக்காற்றுதான் கிடைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 லிட்டர்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 20 பேருக்கு நொடிக்கு 200 லிட்டர், அதாவது மணிக்கு 720 கன மீட்டர். உங்கள் அறையின் கொள்ளளவு சுமார் 68 கன மீட்டர். ஆக, மணிக்குப் பத்து தடவைக்கு மேல் காற்று மாற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது இறக்கையின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் காற்றின் அளவைப் பார்த்து, மணிக்கு 720 கன மீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

பொருத்தும் இடம் இன்னும் முக்கியம். ஃபேனை ஒரு கோடியில் வைத்து, எதிர்க்கோடியில் உள்ள ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலை மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால் காற்று அது வழியாக வந்து அப்படியே வெளியேறிவிடும். பிள்ளைகள் உட்காரும் இடத்துக் காற்று அசையாமல் கிடக்கும். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஊதுபத்தி ஒன்றை ஜன்னலருகே பிடித்துப் பாருங்கள், புகை உள்ளே வர வேண்டும்.

ஏசியை 26, 27 டிகிரியில் வைத்து சீலிங் ஃபேனையும் ஓட விடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், மறைக்கவில்லை. வெயில் தணிந்த மாலையில் ஏசியே வேண்டாம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கதவு ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை 20 நிமிடம் ஓட்டினால் பழைய காற்று பெரும்பாலும் போய்விடும்.

சளி கை வழியாகவும் பரவும், அதனால் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கமும் வேண்டும். அப்புறம், எந்தப் பிள்ளைக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஃபேனை நம்பி இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.